பன்னிரண்டு நிமிடப் புகை

1911ஆம் ஆண்டு மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி முதல் பத்து மணி வரை, நகர மருத்துவமனையின் மொட்டைமாடியிலிருந்து சாய ஆலையின் புகைபோக்கி கவனிக்கப்பட்டது. கவனித்தவர், மருத்துவமனையின் துணிப்பிரிவுப் பொறுப்பாளர். நகரத்தின் புகை விதி நடப்புக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதன்படி அதுவரை ஒரு வழக்கும் பதிவாகவில்லை. ஒரு மணி நேரத்தில் ஆறு நிமிடத்துக்குமேல் கரும்புகை விடலாகாது என்பது விதி. அன்று அவர் குறித்தது பதினேழரை நிமிடம்.

புகையின் கருமையை அளக்க ஓர் அட்டை உண்டு. அதில் ஐந்து கட்டங்கள். கட்டத்துக்குக் கட்டம் கறுப்புக் கோடுகள் தடித்துக்கொண்டே போகும். ஐம்பதடி தள்ளி நின்றால் கோடுகள் கலந்து வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும். புகை எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்பதைக் கால் நிமிடத்துக்கு ஒருமுறை எழுத வேண்டும். நான்காம் கட்டத்திலிருந்து கரும்புகை.

மருத்துவமனையில் அவருக்கு இஸ்திரியம்மாள் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். கொள்கை, கோட்பாடு என்றெல்லாம் அவர் புகை ஒழிப்புச் சங்கத்தில் சேரவில்லை. மாடியில் காயும் படுக்கை விரிப்புகளில் கரித்துகள் படிந்து, துவைத்ததையே மறுபடியும் துவைக்க வேண்டியிருந்தது. அதனால் சேர்ந்தார். சங்கத்தின் பதினோரு உறுப்பினர்களில் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் நிற்கக்கூடியவர் அவர் ஒருவர்தாம் என்று சங்கச் செயலாளரான மருந்துக்கடைக்காரர் அட்டையை அவரிடமே ஒப்படைத்திருந்தார்.

அவர் எடுத்த குறிப்பை வைத்துச் சங்கம் புகார் கொடுத்து, வழக்கு பதிவான மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம், தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி அந்தச் சாய ஆலையில்தான் பாய்லருக்குக் கரி தள்ளுகிறவன். அவனுக்கு மாலை முறை. காலைப் புகைக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை என்று இஸ்திரியம்மாள் நிம்மதியாக இருந்தார்.

தம்பி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சம்மனை வைத்திருந்தான்.

“வா அக்கா. உன்னாலதான் முதல் தடவையா சர்க்கார் எனக்குக் கடுதாசி போட்டிருக்கு.”

“உனக்கு எதுக்குடா?”

“ஆலைக்காரங்க பதில் எழுதிட்டாங்க. ‘பாய்லர்ல குத்தமில்ல, கரி போட்டவனோட அஜாக்கிரதை’ன்னு. அந்த மகராசன் நான்தான். காலை முறைக்காரனுக்குக் கண்ணுல பொறி விழுந்துச்சு. அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் இடத்துல நின்னேன்.”

தம்பி மனைவி தண்ணீர்ச் செம்பைச் சத்தத்தோடு வைத்தாள். “ஊர்ல இருக்கற புகைபோக்கியில அண்ணி கண்ணுக்கு இவரோடதுதான் பட்டுச்சு.”

“ஆஸ்பத்திரி மாடியிலேருந்து அதுதாம்மா தெரியுது.”

“அக்கா, தண்டனைன்னு ஒண்ணு எழுதிட்டாங்கன்னா எந்தப் பாய்லர்கிட்டயும் என்னைச் சேக்க மாட்டாங்க. கண்ணு சரியாத் தெரியலன்னு சொல்லிடேன்.”

“என் கண்ணு நல்லாத்தான் இருக்கு.”

“அது தெரியுமே! சின்ன வயசுல சர்க்கரை டப்பாகிட்ட நான் போனாலே தெரியும் உனக்கு.”

இஸ்திரியம்மாள் பையிலிருந்து குறிப்பின் நகலை எடுத்தார். எழுதியதை மாற்றும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. ஆனாலும் முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தார்.

“ஒன்பது ரெண்டு. ஒன்பது பதினாலு. இருபத்தாறு. முப்பத்தெட்டு. அம்பது. ஒவ்வொரு தடவையும் மூணரை நிமிஷம். ஏன்டா பன்னெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா?”

தம்பி கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான்.

“மூணாவது பாய்லர் டிசம்பர்லேருந்து செத்துக் கிடக்கு. குழாய் ஒழுகுது. மூணு பண்ற வேலைய ரெண்டு பண்ணணும். கொஞ்சங்கொஞ்சமாக் கரி போட்டாப் புகை வராதுதான். ஆனா ஆவி பத்தாது, மிஷின் நின்னுடும். பன்னெண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை அடுப்பு வாய் நிறைய அடைக்கணும்னு மேஸ்திரி உத்தரவு.”

“இதை அங்க சொல்லு.”

“சொன்னா வேலை போயிடும்.”

“சொல்லாட்டியும் போகும். போறதுதான் போகுது, அஜாக்கிரதைக்காரன்கிற பேரோட ஏன் போகணும்?”

தம்பி எழுந்துபோய்க் கையைக் கழுவினான். அவன் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 6, வியாழக்கிழமை, வழக்கு நடுவர் முன் வந்தது. கரித்தூளுக்குப் பயந்து நீதிமன்ற ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். கூண்டில் ஏறியதும் இஸ்திரியம்மாள், குற்றம் சாட்டப்பட்டவர் தம் உடன்பிறந்த தம்பி என்றும், குறிப்பெடுக்கும்போது அவன் அங்கே வேலையில் இருந்தது தமக்குத் தெரியாது என்றும் முதலில் சொல்லிவிட்டுக் குறிப்பை வாசித்தார்.

ஆலை வழக்கறிஞர் எழுந்தார். “பாய்லர் அறைக்குள்ள நடந்ததை நீங்க பாத்தீங்களா?”

“இல்லைங்க. வெளியில வந்ததைத்தான் பாத்தேன்.”

“அப்போ அஜாக்கிரதை இல்லைன்னு எப்படிச் சொல்வீங்க?”

“அஜாக்கிரதை கடிகாரம் பாத்து வராதுங்க. என் தம்பி அவன் கல்யாணத்துக்கே முக்கால் மணி நேரம் தாமதமா வந்தவன். இந்தப் புகை ஒரு நிமிஷம் தப்பலை. இது அவன் புத்தியில வந்தது இல்லை, யாரோ போட்ட உத்தரவு.”

சிரிப்பொலி எழுந்தது. தம்பி மனைவியும் சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். நடுவர் சிரிக்கவில்லை. குறிப்பை வாங்கி நேரங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்து, “யார் உத்தரவு?” என்று கேட்டார்.

தம்பி முதலில் ஆலைக்காரர்களோடு உட்கார்ந்திருந்த மேஸ்திரியைப் பார்த்தான். அடுத்து அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்க்காமல் நேரே நின்றார்.

“மேஸ்திரி உத்தரவுங்க. மூணாவது பாய்லர் ஓடலைங்க,” என்றான்.

நடுவர் வழக்கை இரண்டு மணி நேரம் ஒத்திவைத்து, பாய்லர் ஆய்வாளரோடு ஆலைக்குப் போனார். மூன்றாம் பாய்லரின் அடுப்பு வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

தீர்ப்பு அன்று மாலையே சொல்லப்பட்டது. கரி தள்ளுபவர் விடுவிக்கப்பட்டார். ஆலைக்கு அபராதம் விதிக்கப்பட்டது. மே மாத இறுதிக்குள் மூன்றாம் பாய்லரைப் பழுது பார்க்க வேண்டும் என்றும், அதுவரை மூன்றில் இரண்டு பங்கு இயந்திரங்களே ஓடலாம் என்றும் உத்தரவாயிற்று. ஆலை மேல்முறையீடு செய்தது. செப்டம்பரில் அது தள்ளுபடியானது. தீர்ப்புக்கு இரண்டு நாள் கழித்து, ஆட்கள் மிகுதி என்று காரணம் காட்டித் தம்பியை ஆலை நிறுத்தியது. தண்டனை எதுவும் பதிவாகாததால், ஜூலையில் நகரக் குடிநீர் இறைப்பு நிலையத்தில் பாய்லர் வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டு நகரசபை புகை விதியில் ஒரு பிரிவைச் சேர்த்தது: புகைக்கு உரிமையாளரே முதலில் பொறுப்பு, பாய்லர்கள் வேலைக்குப் போதுமானவை என்று அவர் மெய்ப்பித்த பிறகே தொழிலாளி மீது குற்றம் சாட்டலாம்.