தண்ணீர் கேட்டார்

கோட்டின் முதுகை மேலிருந்து கீழ்வரை வெட்டினால்தான் போட்டுவிட முடியும் என்று சொல்லிக்கொண்டே ரெங்கசாமி கத்தரிக்கோலை எடுத்தார். அமுதவள்ளி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தோரு வருடம் அந்த மனிதருக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தவள் அவள். கடைசி நாளில் கிழிந்த கோட்டோடு அனுப்பவா என்று கேட்டாள். முன்னால் நின்று பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாருக்கும் இப்படித்தான் என்று ரெங்கசாமி பொறுமையாகச் சொன்னார். சவப்பெட்டிக் கடைக்காரருக்குப் பொறுமை இல்லாவிட்டால் தொழில் ஓடாது. அவள் கையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

மேசைமேல் கிடந்தது அவள் கணவர் தேவவரம். நேற்று மாலை நாலரை மணிக்கு மருத்துவமனைக் கட்டிலில் மூச்சு நின்றுவிட்டது. வயது எழுபத்திரண்டு. பிள்ளைகள் இல்லை.

"ஹால் கிடைச்சிருச்சா ஆன்டி? எங்கன்னு தெரிஞ்சாதான் வேன் எடுக்க முடியும்" என்றார் ரெங்கசாமி.

அதுதான் காலையிலிருந்து தெரியவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் அவர்கள் இருந்தது பதினோராவது மாடி. லிஃப்டில் சவப்பெட்டி நுழையாது. அந்த அடுக்குமாடியில் கிறிஸ்தவர் யார் இறந்தாலும் எதிரில் இருக்கிற ஆலயத்தின் மண்டபத்தில்தான் வைப்பார்கள். பிறத்தியார் வீட்டுச் சாவுக்கெல்லாம் அந்த மண்டபத்துச் சமையலறையில் காப்பி கலக்கியவள் அமுதவள்ளி. இன்றைக்கு அவள் கேட்டபோது மட்டும், தலைமையகத்திலிருந்து உத்தரவு வரவேண்டும் என்று பதில் வந்தது.

காரணம் ஊருக்கே தெரியும். ஆதரவற்ற பெண்களுக்காகக் கிள்ளானில் ஓர் இல்லம். சபையின் பெயரில் தொடங்கியதுதான். ஆனால் கமிட்டியில் யார் இருப்பது என்பதைக் கமிட்டியே முடிவு செய்யும் என்று முதல் நாளே எழுதிவைத்திருந்தார்கள். தேவவரம் தலைவர், அவரோடு ஆறு பேர். நான்கு வருடத்துக்கு முன் பேராயரின் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இனிமேல் கமிட்டியைத் தலைமையகமே நியமிக்கும், சபை உறுப்பினர் அல்லாதவர்கள் விலகவேண்டும் என்று அதில் இருந்தது. அப்படி அல்லாதவர் ஒரே ஒருவர்தான், சின்னையா. அரசாங்க மருத்துவமனையில் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வுபெற்றவர். நெற்றி நிறைய விபூதியோடு வந்து, முப்பத்திரண்டு பெண்களுக்கும் புண்ணைக் கழுவிக் கட்டுப்போடுகிறவர். தேவவரம் ஒரே வார்த்தையில் பதில் எழுதினார்: முடியாது.

எழுதியவர் ஞாயிற்றுக்கிழமையானால் கிள்ளானுக்குப் போய்விடுவார். ஆலயத்துக்குப் போய்வந்தவள் அவள்தான். பிரச்சினை தீரும்வரை பாடகர் குழுவில் நிற்கவேண்டாம் என்று அவளிடம் தன்மையாகத்தான் சொன்னார்கள். அவள் கடைசி வரிசைக்கு வந்துவிட்டாள். யாரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. குட் மார்னிங் சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருப்பார்கள். இருபத்திரண்டு வருடம் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று பாடிய மலர்விழி, அவளைக் கண்டால் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிடுவாள். வீட்டுக்கு வந்து அமுதவள்ளி புருஷனோடு சண்டை போடுவாள். எழுதிக் கொடுத்துத் தொலையுங்கள், யாருக்காக இந்தப் பிடிவாதம் என்று கத்துவாள், அழுவாள். நான்கு வருடமும் மனிதர் வாயைத் திறந்ததில்லை.

நேற்று நான்கு மணிக்குத் திறந்தார். ஆக்சிஜன் மாஸ்க்கைத் தானே விலக்கிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"அமுதா, எழுதிக் குடுத்துரலாம். நீ போய் கொயர்ல நில்லு. நீ தனியா உக்காந்திருக்கிறத என்னால தாங்க முடியல."

இப்போது எதற்கு அதெல்லாம், தூங்குங்கள் என்று சொல்லி அவள்தான் மாஸ்க்கை மாட்டிவிட்டாள். அரை மணி நேரம் தூங்கினார். பிறகு எழவில்லை.

பாஸ்டர் நவீன் கடைக்கு வந்தபோது பத்தரை மணி. நல்ல பிள்ளை. அவளுக்காகப் பிளாஸ்டிக் பையில் பால் சேர்க்காத கோப்பி ஓ வாங்கி வந்திருந்தான். இருவரும் கடை வாசல் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு செய்தியைச் சொன்னான். இன்று மாலையிலிருந்து மண்டபம் தருவார்கள். நாளை ஆலயத்துக்குள்ளேயே ஆராதனை, பேராயரே வருவார், பாடகர் குழு முழுவதும் நிற்கும். ஒன்றே ஒன்றுதான் வேண்டும்.

"கடைசியில அங்கிள் மனசு மாறிட்டாரு, இல்லத்த சபைகிட்ட ஒப்படைக்க ஆசைப்பட்டாருன்னு ஒரு வார்த்தை ஆன்டி. நான் சர்வீஸ்ல சொல்லணும். இல்லாதத சொல்லச் சொல்லல. அந்த மாதிரி ஏதாச்சும் சொன்னாரா?"

சனிக்கிழமை கமிட்டி கூடுகிறது என்பது அவளுக்குத் தெரியும். மிச்சமிருக்கிற ஆறு பேரில் நான்கு பேர் ஏற்கெனவே ஓய்ந்துபோயிருந்தார்கள். தலைவரே இறங்கிவந்துவிட்டார் என்று காதில் விழுந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். சின்னையா இல்லத்தை விட்டுப் போகவேண்டியதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் பொய்யே சொல்லவேண்டியதில்லை. நடந்ததைச் சொன்னால் போதும். மண்டபம் கிடைக்கும், மலர்விழி ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுவாள், அடுத்த ஞாயிறு பழைய இடத்தில் போய் நிற்கலாம். எல்லாவற்றையும் அவர் போகிறபோது அவள் கையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. நாக்கு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு ஆசையாக இருந்தது.

ஆனால் அந்த வார்த்தையை அவர் பேராயருக்குச் சொல்லவில்லை, கமிட்டிக்கும் சொல்லவில்லை. பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். யாருக்கும் வளையாத மனிதர் அவளுக்காக வளைந்தார். அதைக் கொண்டுபோய் ஒலிபெருக்கியில், தோற்றுப்போனவனின் வாக்குமூலம் மாதிரி படிப்பார்கள்.

"தண்ணி கேட்டாரு, பாஸ்டர்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

அப்படியானால் மண்டபம் சிரமம் என்றும், தான் வந்து ஜெபிக்கக்கூட அனுமதி கிடைக்குமா தெரியவில்லை என்றும் சொன்னபோது அவன் கண் கலங்கியது. "பரவால்ல லா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று அவள்தான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். உள்ளே போய் ரெங்கசாமியிடம், கிள்ளானுக்கு எடுங்கள் என்றாள்.

ஃபெடரல் ஹைவேயில் வழக்கமான நெரிசல். வேனில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். கைப்பேசியில் மலர்விழியிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. கை கூப்பிய படம், மூன்று. கீழே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தாள். எதுவும் இல்லை.

இல்லத்தின் சாப்பாட்டு அறையில் மேசைகளை ஓரமாக ஒதுக்கி, சின்னையா இடம் செய்து வைத்திருந்தார். நெத்திலி வறுத்த வாசனை இன்னும் போகவில்லை. பெட்டியை இறக்கி வைத்ததும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். சிலர் அழுதார்கள். ஒருத்தி, சார் எப்போது எழுந்திருப்பார் என்று கேட்டாள். ஊரிலிருந்து வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆலயத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

சின்னையா அவளைத் தனியாகக் கூப்பிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"தங்கச்சி, போறதுக்கு முன்னால ஏதாச்சும் சொன்னாரா? விட்டுறாதீங்கன்னு அவர் சொன்னாருன்னு ஒரு வார்த்தை இருந்தா, சனிக்கிழமை நான் எல்லாரையும் நிக்க வெச்சிருவேன்."

கொடுத்திருக்கலாம். ஒரு பொய் சொன்னவளுக்கு இன்னொன்று பாரமா? அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் செத்தவர் வாயில் சொல்லாததை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"தண்ணி கேட்டாருண்ணே. அவ்வளவுதான்."

சின்னையா தலையை ஆட்டினார். சரி, நான் இருக்கிறவரைக்கும் நிற்பேன் என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, பெண்களை உட்காரவைக்கப் போனார். நேற்று நான்கு மணிக்கு நடந்த அந்தப் பேச்சு தெரிந்த இன்னொரு ஆள் இப்போது பெட்டிக்குள் இருந்தார். இனி அதை யாரிடமும் சொல்லி ஆற முடியாது என்பது அமுதவள்ளிக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு பெரிய தனிமையைக் கடைசி வரிசை பெஞ்சில்கூட அவள் உணர்ந்ததில்லை.

பாஸ்டர் இல்லை. ஜெபத்தை அவளே சொன்னாள். பாட்டில்லாமல் அனுப்ப முடியாது. சின்னையாவுக்குப் பாட்டுத் தெரியாது. அவள் பெட்டியின் தலைமாட்டில் நின்று, வெள்ளிக்கிழமை தோறும் இல்லத்தில் எல்லாரும் பாடுகிற பாட்டையே எடுத்தாள். பெண்கள் வாயைத் திறந்து, பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது அந்தப் பாட்டு மாதிரியே இல்லை. இருபத்திரண்டு வருடமும் அவள் ஆல்டோ, அதாவது மற்றவர்கள் மெட்டைப் பாட அதன் அடியில் ஓடுகிற இரண்டாம் குரல். நிறுத்திவிட்டு, மெட்டைப் பிடித்துப் பாடிப் பார்த்தாள். வாயில் வரவில்லை. மறுபடியும் தன் குரலிலேயே தொடங்கினாள். மூன்றாவது அடியில் ஆல்டோவுக்கு நான்கு தாளம் இடைவெளி உண்டு. மேல்குரல்கள் மட்டும் தனியாக ஏறிப்போகிற இடம். அமுதவள்ளி அங்கே வாயை மூடி, விரலால் நான்கு எண்ணிவிட்டு, தன் இடம் வந்ததும் சேர்ந்துகொண்டாள்.