அடித்தல் திருத்தல் செல்லாது

1

இந்தக் கதை எனக்கு மேசை வழியாக வந்தது. கார் கடன் பிரிவில் பத்தொன்பது வருடமாக விண்ணப்பம் சரிபார்க்கிறேன். தள்ளுபடியான படிவங்களின் பின்பக்கத்தில்தான் கதை எழுதுவது வழக்கம். இதற்கு மட்டும் கடையில் வெள்ளைத் தாள் வாங்கினேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

2

‘மழை தூறிக்கொண்டிருந்த மதியத்தில் அந்த மனிதர்’ (மழை பெய்யவில்லை.)

‘கனவுகளைச் சுமந்தபடி’ (இதை எழுதிய கையை என்ன செய்வது?)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவர் டிரைவர். இருபத்திரண்டு வருடமாக ஒரே முதலாளிக்குக் கார் ஓட்டுகிறார். அத்தனை வருடமும் அவர் மனைவி பஸ்ஸில்தான் போய்வந்தார். இப்போது முட்டி வலி. பஸ் படி ஏற முடியவில்லை. அதனால் பழைய கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். நாளையோடு அவருக்கு அறுபது முடிகிறது. அதற்கு மேல் எங்கள் விதிப்படி கடன் கிடையாது.

3

விண்ணப்பதாரர் பெயர் என்ற கட்டத்தில், முத்து முத்தான எழுத்தில், முதலாளியின் பெயர் இருந்தது.

“இது யார் பேருங்க?”

குனிந்து பார்த்தார். முகம் செத்துவிட்டது. “ஐயா பேரு சார். கைப்பழக்கத்துல எழுதிட்டேன். பெட்ரோல் போட்டாலும், வண்டிய சர்வீஸ் விட்டாலும் அவர் பேர்தானே எழுதுறேன்.”

“கீழ ஜாமீன் கையெழுத்து?”

“அதுவும் ஐயாதான். பாக்காமயே போட்டுட்டுக் காலைல ஃபிளைட் ஏறிட்டாரு. வர ஒரு வாரம் ஆகும்.”

புதுப் படிவம் கொடுத்தும் பயனில்லை. அதற்கும் அந்தக் கையெழுத்து வேண்டும்.

(* கதையில் எத்தனை வரியை வேண்டுமானாலும் அடிக்கலாம். படிவத்தில் ஓர் எழுத்தை அடித்தாலும் செல்லாது. என் மகள் எழுதிய கடிதத்தில்கூட முதலில் அடித்த இடத்தைத் தேடியவன் நான். அவள் அப்புறம் எழுதவில்லை.)

4

பெஞ்சிலிருந்து டிரைவரின் மனைவி மெல்ல எழுந்து வந்தார். “என்ன சொல்றாங்க?”

“பாத்துட்டிருக்காங்க.”

எட்டிப் பார்த்தவருக்குப் புரிந்துவிட்டது. “கார் பாக்கப் போனப்பவும் இதே கதைதான் சார். எனக்குப் பின் கதவத் தொறந்து விட்டுட்டு விறைப்பா நிக்கிறாரு. ஏங்க, நான் என்ன உங்க முதலாளியான்னு கேட்டேன்.”

சிரித்தார். டிரைவர் சிரிக்கவில்லை.

“இவர் பக்கத்துல முன் சீட்டுல ஒரு தடவை உக்காந்து போகணும் சார். அவ்வளவுதான்.”

5

முடிவு ஒன்று: முதலாளி பெயரை அடித்து, அவர் பெயரை எழுதி, முத்திரை குத்துகிறேன். படித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. மேலாளர் கண்ணில் பட்டால் என் வேலைக்கு உலை.

முடிவு இரண்டு: திருப்பிக் கொடுக்கிறேன். பத்தொன்பது வருடமாக இதைத்தானே எழுதுகிறேன். அலுத்துவிட்டது.

முடிவு மூன்று: ‘அப்போது தொலைபேசி’ (சீ.)

6

கதையில் இப்போது மணி மூன்று ஐம்பது. நான்கு மணிக்குக் கவுண்ட்டர் மூடும். அதற்கு மேல் முள்ளை நகரவிட எனக்குத் தெம்பில்லை. படிவம் மேசையில் இருக்கிறது. அதன் பின்பக்கம் இன்னும் காலிதான். அங்கே எழுதிவிட்டால் தள்ளுபடி ஆகிவிட்டதென்று அர்த்தம். அதற்குத்தான் வெள்ளைத் தாள்.

நான் தேநீர் குடிக்கப் போகிறேன். என் நாற்காலி காலியாக இருக்கிறது, படிக்கிற நீங்கள் உட்காருங்கள். பேனா வலது பக்கம், முத்திரை இடது பக்கம். அந்த அம்மாவால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.