முதல் குண்டூசி

மகளின் கல்யாணக் கவுனில் முதல் பண நோட்டைக் குத்தப்போவது தான்தான் என்பதில் மிரோஃபோராவுக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. அந்தக் கவுனைத் தைத்தவளே அவள்தான். குண்டூசி ஏறினால் துணி இழுபடக்கூடாது என்று நெஞ்சின் இடப்பக்கம் மட்டும் உள்ளே ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்திருந்தாள். அது அவளுக்கென்று அவளே ஒதுக்கிக்கொண்ட இடம்.

லண்டனில் சைப்ரஸ்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் சாப்பாடு முடிந்ததும் பண ஆட்டம். மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில் ஆடுவார்கள். வயலின்காரர் ஹம்பிஸ் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிப் பாட்டிலேயே அழைப்பார். முதலில் பெண்ணைப் பெற்றவர்கள், அடுத்து பையனைப் பெற்றவர்கள், அப்புறம் ஊர். உடையில் குத்தியது ஜோடிக்கு. தரையில் விழுந்தது வாத்தியக்காரர்களுக்கு.

புருஷன் லோயிசோஸ் ஒரு முடி திருத்துகிறவளோடு ஓடிப்போய் பதினெட்டு வருடம் ஆகிறது. அன்று முதல் எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் மிரோஃபோரா கடைசி வரிசையில் நின்று, பெயர் சொல்லாமலே ஐந்து பவுண்டைக் குத்திவிட்டு வந்தவள். இன்றைக்கு நானூறு பேர் காதில் அவள் பெயர் முதலில் விழப்போகிறது. அதற்காகவே மூன்று இருபது பவுண்டு நோட்டுகளை இஸ்திரி போட்டுக் கைப்பையில் வைத்திருந்தாள்.

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கல்லியோப்பி மேசைக்கு வந்து குனிந்தாள். மாப்பிள்ளையின் அம்மா. மிரோஃபோரா வேலை பார்க்கும் தையல் ஃபாக்டரியின் முதலாளியும் அவள்தான்.

"சம்பந்தி, ஒரு சின்ன மாத்தம். நீங்க கடைசியில குத்திக்குங்க."

"ஏன்?"

"பொண்ணோட அப்பா வந்திருக்காரே. ஆம்பளை இருக்கும்போது அவரைத்தானே முதல்ல கூப்பிடணும்?"

கல்லியோப்பி கண்ணால் காட்டிய பக்கம் மிரோஃபோரா பார்த்தாள். தூண் ஓரமாக லோயிசோஸ் கையில் கிளாஸோடு நின்றுகொண்டிருந்தான். தலை நரைத்து, வயிறு முன்னால் தள்ளியிருந்தது. போட்டிருந்த கோட் அவனுடையதில்லை. தோள்பட்டை இரண்டு அங்குலம் கூடுதல். அந்தத் தோளுக்கு இரண்டு மாதம் முன்பு பஞ்சு வைத்துத் தைத்தது அவளேதான். அது கல்லியோப்பி புருஷனின் கோட்.

நேரே மகளிடம் போனாள். ஆந்த்ரி கண்ணாடி முன்னால் நின்று உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"இந்த ஆளை நீயா கூப்பிட்டே?"

"என் மாமியார்தான் தேடிப் பிடிச்சாங்க. பர்மிங்ஹாம்ல மீன் வறுவல் கடையில உருளைக்கிழங்கு உரிச்சிட்டு இருந்தாராம். என்கிட்ட கேட்டாங்க, நான் சரின்னேன்."

"உனக்கு அம்மை போட்டப்போ எங்க உரிச்சிட்டு இருந்தான்னு கேட்டியா?"

"ஆரம்பிக்காதேம்மா. அப்பா இல்லாம அந்த நடுவுல போய் நின்னா ஜனங்க என்ன பேசுவாங்க?"

"நான் இருக்கேனே."

ஆந்த்ரி உதட்டை மடித்து ஒற்றிக்கொண்டாள். "நீ இருக்கே. அதைத்தான் பேசுவாங்க."

வயலின் தொடங்கிவிட்டது. பெண் நடுவில் போய் நின்றாள். ஹம்பிஸ் வில்லை இழுத்து, பெண்ணைப் பெற்ற தகப்பன் லோயிசோஸ் வருக என்று பாடினார். லோயிசோஸ் நடந்து வந்த விதத்தைப் பார்த்தால் பதினெட்டு வருடமும் கப்பல் வாங்கி விற்றவன் மாதிரி இருந்தது. கோட்டுப் பைக்குள் கைவிட்டு மெல்ல உருவினான். வெள்ளை சாட்டின் நாடா. அதில் தோரணம் மாதிரி ஐம்பது பவுண்டு நோட்டுகள். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. கூடம் முழுக்க ஓவென்று ஒரு சத்தம்.

"பாரேன்," என்று பக்கத்து மேசைக்காரி மிரோஃபோராவின் முழங்கையை இடித்தாள். "பாவம், மனுஷன் இத்தனை வருஷமா சேத்து வச்சிருக்கான். நீ என்னென்னமோ சொன்னியே அவனைப் பத்தி."

மிரோஃபோரா நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டின் ஓரத்தை மட்டும் தொட்டுத் தொட்டுப் போன அந்தத் தையல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். போன வியாழக்கிழமை ஃபாக்டரி மூடியபிறகு கல்லியோப்பி ஒரு கத்தை நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "என் பையனுக்குப் போடணும். உன் கை சுத்தமா இருக்கும், தைச்சுக் கொடு." கல்யாணத்துக்கு மறுநாள் பாங்குக்குப் போகும்போது கிழியாமல் பிரியவேண்டும் என்று மிரோஃபோரா சங்கிலித் தையல் போட்டாள். மாவு மூட்டையின் வாயில் போடுகிற அதே தையல். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, சந்தோஷமாகத் தைத்தாள்.

லோயிசோஸ் நாடாவைப் பெண்ணின் நெஞ்சில் குத்தினான். இடப்பக்கம். உள்ளே துண்டுத் துணி வைத்த அதே இடத்தில்.

மிரோஃபோரா எழுந்து கல்லியோப்பியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அது உங்க பணம்."

"மெல்லப் பேசு," என்றாள் கல்லியோப்பி, கைதட்டியபடியே. "எங்க போகப்போவுது? நாளைக்கு என் மகன் வீட்டுக்குத்தானே திரும்பி வருது. அந்த ஆளுக்கு ரயில் சார்ஜும் வயித்துக்குச் சாப்பாடும், அவ்வளவுதான் செலவு."

"என் கையாலேயே தைக்க வச்சீங்களே."

"வேற யார்கிட்ட கொடுக்கச் சொல்றே? வெளியில கொடுத்தா கூலி கேப்பாங்க." பிறகு முகத்தில் சிரிப்பு மாறாமலே, "நீ இங்க வாயத் திறந்தேன்னா உன் பொண்ணுக்குத்தான் அசிங்கம். போய் வரிசையில நில்லு," என்றாள்.

மிரோஃபோரா வரிசையில் நின்றாள். மாப்பிள்ளை வீட்டு மாமாக்கள் போனார்கள், கடைக்காரர்கள் போனார்கள், பித்தான் சப்ளை செய்கிறவர்கூடப் போனார். ஃபாக்டரியில் நூல் வெட்டுகிற பெண்களும் போனபிறகு அவள் முறை வந்தது. ஹம்பிஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்ததால் அவள் பெயரைச் சொல்லவில்லை.

நெஞ்சில் இடமில்லை. கவுனின் இடுப்புக்குக் கீழே ஓர் ஓரத்தில் மூன்று நோட்டையும் குத்தினாள். ஆந்த்ரி தலைக்கு மேலே பார்த்து ஆடிக்கொண்டே, "சீக்கிரம்மா," என்றாள்.

நாடாவின் கீழ்முனை அவள் கண்ணெதிரே ஆடியது. தையலை முடித்த இடத்தில் அரை அங்குலம் நூல் தொங்கியது. அவளே விட்டுவைத்த நூல். எந்தப் பக்கம் இழுத்தால் பிரியும் என்று அந்தக் கூடத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, கவுனைச் சரிசெய்கிறவள் மாதிரி கையை உயர்த்தி இழுத்தாள்.

சரசரவென்று பிரிந்தது. ஐம்பது பவுண்டு நோட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் உதிர்ந்தன. ஆந்த்ரியின் நெஞ்சிலிருந்து முழங்கால்வரை வெற்று நாடா மட்டும் தொங்கியது.

முதலில் ஓடிவந்தது கல்லியோப்பிதான். "யாரும் தொடாதீங்க, அது..."

ஹம்பிஸ் வில்லைத் தாழ்த்தினார். "தரையில விழுந்தா எங்களுக்குன்னு உங்களுக்குத் தெரியாதாம்மா? யாரு பணம் இது? பொண்ணோட அப்பா பணம்தானே? அவரு சொல்லட்டும்."

நானூறு பேரும் லோயிசோஸைப் பார்த்தார்கள். நாலு கிளாஸ் உள்ளே போயிருந்தது. அவன் ஒருமுறை கல்லியோப்பியைப் பார்த்தான், ஒருமுறை கூட்டத்தைப் பார்த்தான். பிறகு அந்தப் பெரிய தோள்களைக் குலுக்கினான்.

"எடுத்துக்குங்கப்பா. என் ஒரே பொண்ணு கல்யாணம். இதுக்கெல்லாமா நான் யோசிப்பேன்?"

கூடம் இடிந்து விழுகிறமாதிரி கைதட்டல். அவனை இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டார்கள். லாவூட்டு என்ற தந்தி வாத்தியம் வாசிக்கிறவர் தரையில் மண்டியிட்டு இரண்டு கையாலும் நோட்டுகளை அள்ளினார். கல்லியோப்பியின் முகம் சுண்ணாம்பு அடித்தமாதிரி ஆனது. திறந்த வாயை மூடவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. மிரோஃபோராவுக்கு அது போதும் என்றிருந்தது.

திரும்பும்போது ஆந்த்ரி அவள் கையைப் பிடித்தாள். பாசத்தோடு பிடித்தமாதிரிதான் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். மகள் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு முழ நீள வெள்ளை நூல் நெளி நெளியாகச் சுற்றிக் கிடந்தது.

"ஒரு நாள்," என்றாள் ஆந்த்ரி, சிரித்த முகத்தோடு, உதடு அசையாமல். "எனக்கும் ஒரு அப்பா இருக்காருன்னு ஒரே ஒரு நாள். அதுகூட உனக்குப் பொறுக்கல."

"ஆந்த்ரி, அந்தப் பணம் அவனோடதே இல்ல. நான்தான்..."

"தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் நின்னேன்."

அம்மாவின் கையை விட்டாள். இடுப்பின் ஓரத்திலிருந்த குண்டூசியைத் தடவிக் கண்டுபிடித்து உருவினாள். இஸ்திரி போட்ட மூன்று நோட்டும் மடிப்புக் கலையாமல் விழுந்தன. அவள் அவற்றின்மேல் காலை வைத்து ஒரு சுற்று ஆடிவிட்டு, மாப்பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லாவூட்டுக்காரர் அதையும் எடுத்தார். எடுத்தது யாருடையது என்று ஹம்பிஸிடம் சொன்னார். வாத்தியக்காரருக்குப் பணம் கொடுத்தவர் பெயரைச் சொல்லிப் பாடாமல் விடுவது மரியாதை இல்லையே. ஹம்பிஸ் வயலினைக் கழுத்தில் ஏற்றி வைத்து, மைக்குக்குப் பக்கமாக வந்து, கூடத்தின் கடைசி மேசைவரை கேட்கும்படி அவள் பெயரை நீட்டிப் பாடினார்.

"மிரோஃபோரா, மிரோஃபோரா, எங்களுக்கு அள்ளிக் கொடுத்த மிரோஃபோரா."

நானூறு பேரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் மகளைத் தவிர.