எங்கள் மேசைக்கு ஒரு காய்ச்சல்

என் தங்கச்சி மகன் அவசரக்காரன். ஏழாம் மாதமே வெளியே வந்துவிட்டான். வந்தவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அழக்கூடத் தெம்பில்லை, வாயைத் திறப்பான், சத்தம் வராது. "வீட்டுக்கு வந்தப்புறமும் ஃப்ளூ ஊசி போட்டவங்க மட்டும்தான் தூக்கணும்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

எனக்கோ ஊசி என்றாலே ஆகாது. போன வருஷம் எங்கள் சட்டைக் கம்பெனிக்கு வந்த நர்ஸ், "ஒண்ணுமே ஆகாது" என்று தேனொழுகப் பேசிக் குத்திவிட்டுப் போனார். மறுநாள் கையைத் தூக்க முடியவில்லை. தையல்காரிக்குக் கைதானே எல்லாம்? இதை மறைத்தவர் இன்னும் எதையெல்லாம் மறைத்தாரோ? அன்றே ஊசிக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டேன்.

இந்த வருஷம் வேறு நர்ஸ். சாப்பாட்டு ஹாலில் நின்று பட்டென்று போட்டு உடைத்தார்.

"நிறைய பேருக்குக் கை வலிக்கும். பத்துல ஒருத்தருக்குக் காய்ச்சல் வரலாம், ரெண்டு நாள்ல போயிடும். பெரிய அலர்ஜி பத்து லட்சத்துல ஒருத்தருக்கு. அதைப் பாத்துக்கத்தான் போட்டதும் கொஞ்ச நேரம் இங்கயே உக்காரச் சொல்றேன். மாத்து மருந்தும் கையோட இருக்கு."

பத்தில் ஒன்று என்றதும் எங்கள் மேசை நிமிர்ந்து உட்கார்ந்தது. சட்டைகளைப் பத்துப் பத்தாகக் கட்டித்தான் செக்கிங்குக்கு அனுப்புவோம். ஒரு கட்டுக்குள் ஒரு பழுது அகப்பட்டுவிட்டால், செக்கர் அதை மட்டும் எடுத்துவிட்டு மீதியைப் பார்க்காமலே பாஸ் பண்ணிவிடுவார். மேசையில் நாங்களும் பத்துப் பேர். காய்ச்சல் ஒருத்தரைப் பிடித்துவிட்டால் மற்ற ஒன்பது பேரும் தப்பித்தோம் என்று கணக்குப் போட்டோம். அந்த ஒருத்தர் யார் என்பதில்தான் சண்டை.

"நான் இல்லப்பா" என்று முதலில் பின்வாங்கியவர் இஸ்திரி அண்ணன். பார்க்கத்தான் ஆள் மலை மாதிரி இருப்பார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. கூடவே பிள்ளையின் அந்தச் சத்தமில்லாத வாயும் கண்ணுக்குள் வந்தது. "சரி, நம்ம மேசைக் காய்ச்சலை நானே வாங்கிக்கறேன். மத்தவங்க நிம்மதியா போடுங்க" என்று எழுந்தேன்.

ஒரே கைதட்டல். என் பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள்.

"நில்லுங்க" என்றார் நர்ஸ். "காய்ச்சல் அப்படிப் பங்கு போட்டு வராதும்மா. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிதான். இந்த மேசையில யாருக்கும் வராமலும் போகலாம், மூணு பேருக்கு வந்தாலும் வரலாம்."

வரிசை சலசலத்தது. அடிப்பாவி, வாயை மூடிக்கொண்டிருந்தால் பத்து ஊசியும் போயிருக்குமே! அப்படி நினைத்த மாத்திரத்தில் என் பயம் போன இடம் தெரியவில்லை. வந்த கூட்டம் கலைந்தாலும் பரவாயில்லை என்று உள்ளதைச் சொல்கிறவர், எதை ஒளிக்கப் போகிறார்?

"குத்துங்க சிஸ்டர்" என்று கையை நீட்டினேன்.

காஜா போடுகிற அக்கா மட்டும் "யோசிச்சு சொல்றேன்" என்று நழுவினார். மற்றவர்கள் போட்டுக்கொண்டார்கள், இஸ்திரி அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு.

காய்ச்சல் எனக்கு வரவில்லை. அண்ணனுக்குத்தான் வந்தது. இரண்டு நாள் படுத்துவிட்டு, போரில் ஜெயித்தவர் மாதிரி வேலைக்கு வந்தார். "என் காய்ச்சலை நீங்க எப்படி வாங்கலாம்?" என்று சண்டைக்குப் போனேன்.

பிள்ளை வீட்டுக்கு வந்ததும் மேசை சார்பாக நானும் அண்ணனும் போனோம். காய்ச்சல் பட்டவருக்கே பிள்ளையை முதலில் தூக்கும் உரிமை என்று மேசையே சேர்ந்து தீர்ப்புச் சொல்லியிருந்தது. பெரியம்மா நான் ஒருத்தி இருக்கும்போது!

தங்கச்சி பிள்ளையை எடுத்துவந்தாள். "அண்ணே, முன்னாடியே சொல்லிடறேன். புதுக் கைன்னா கத்துவான். கொஞ்ச நேரத்துல சரியாயிடுவான்."

அண்ணன் வாங்கினார். பயல் வாயைத் திறந்தான். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்தல்! அண்ணன் அசரவில்லை, அதுதான் சொல்லியாயிற்றே. எனக்குத்தான் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"கத்துடா என் ராஜா, இன்னும் நல்லா கத்து" என்று என் கைக்கு வாங்கிக்கொண்டேன்.