மெமரிக்கு அரம் போட்டவன்

பிரவின்குமாரின் வலது கையை வைஸ் இடுக்கிக்குள் வை என்று முதலாளி சொன்னபோது காளிச்சாமி தயங்கினான். இரக்கத்தால் அல்ல. அந்த லேப்டாப்பைப் பொசுக்கியது யாரென்று பட்டறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவன் முதலாளியின் மகன் கிருபாசங்கர். இன்னொருவன் காளிச்சாமி.

கருமத்தம்பட்டியில் வெங்கடபதியின் பட்டறை தறிக்கு உதிரிபாகம் செய்கிறது. காளிச்சாமி அங்கே பதினெட்டு வருடமாகப் பிட்டர்; உதிரிகளை அரத்தால் ராவிப் பொருத்துகிறவன். தொண்ணூற்றாறாம் வருடத் தொடக்கத்தில் கிருபாசங்கர், சிங்கப்பூர் மாமன் கொடுத்த பழைய லேப்டாப்பில் படம் வரைய ஆரம்பித்தான். பெருந்துறை ஆலை ஒன்றுக்கான பல்சக்கரப் படங்கள் மொத்தமும் அதற்குள்தான் இருந்தன. இருந்த எட்டு எம்.பி. மெமரியில் அது ஒரு சக்கரத்தைத் திருப்பிக் காட்டுவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். மெமரியைக் கூட்டிக் கொடுக்க ஆர்.எஸ்.புரத்துக் கடை ஒன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை பிரவின்குமார் வந்தான். அன்றைக்கு முதலாளி ஊரில் இல்லை.

கிருபாசங்கர் மெட்ராஸில் தானே வாங்கி வைத்திருந்த மெமரித் துண்டை நீட்டினான். பிரவின்குமார் லேப்டாப்பைக் கவிழ்த்து, அடிமூடியைக் கழற்றி, துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"இது சேராதுங்ணா. உங்க மெசின் அஞ்சு வோல்ட்டுது. இது மூணு சொச்சம்."

"ரெண்டுலயும் பின்னுக் காலு எழுவத்திரண்டுதானப்பா? எண்ணிப் பாத்துத்தான் வாங்குனேன்."

"எருமைக்கும் நாலு காலு, கட்டிலுக்கும் நாலு காலுங்க. ரெண்டுலயும் பால் பீச்ச முடியுங்களா?"

லேத்தில் நின்ற கடைசல்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். கிருபாசங்கரின் காது சிவந்தது.

"ஓரத்துல இருக்கற வெட்டப் பாருங்க. தப்பானது உள்ள போயரக்கூடாதுன்னுதான் எடம் மாத்தி வெச்சிருக்கறான். சரியானது வர நாலு நாளாகுங்க. அதுவரைக்கும் இதத் தொடாதீங்க."

அவன் பஸ் ஏறிய பத்தாவது நிமிடம் கிருபாசங்கர் காளிச்சாமியை ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டான்.

"ஏப்பா காளி, இதுல அரை மில்லி ராவுனா உள்ள போயிருமா?"

பட்டறைக்காரனுக்கு உள்ளே போகாத சாமான் என்று ஒன்று கிடையாது. இறுக்கமாக இருக்கும், அவ்வளவுதான். ராவினால் போகும். ஒரு சக்கரம் தண்டில் ஏறவில்லை என்றால் அதில் ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று எவனும் நினைப்பதில்லை. காளிச்சாமி ஊசி அரத்தை எடுத்தான். ஏழெட்டு இழுப்பு. பச்சைத் தகட்டின் ஓரத்தில் செம்பு மினுங்கியது. ஊதிவிட்டு மாட்டினான். கிளிக்கென்று உட்கார்ந்தது.

சுவிட்சைப் போட்டார்கள். மயிர் கருகுவதைப் போல நாறியது. விசைப்பலகையின் இடுக்கில் புகை வந்தது. அதன்பிறகு அந்த லேப்டாப் கண்ணைத் திறக்கவே இல்லை.

"அந்தக் கடைக்காரன் மாட்டுனான். மாட்டிட்டுப் போனதும் பொகஞ்சுது. என்ன?" என்றான் கிருபாசங்கர்.

"சரிங் சின்னவரே."

முதலாளி ஊர் திரும்பிய வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரவின்குமாரை வேறு வேலை என்று சொல்லி ஜீப்பில் ஏற்றி வந்தார்கள். ஷட்டர் இறங்கியது. வெங்கடபதி ஒன்றும் கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய மிஷின் பெல்ட்டை உருவி முகத்தில் விட்டார். இரண்டாவது அடியில் உதடு பிளந்தது. மூன்றாவதில் அவன் இரும்புச் சுருள் குப்பையின் மேல் விழுந்தான். சுருள் கன்னத்தைக் கிழித்தது.

"திங்கக்கெழம படம் குடுக்கலைன்னா பெருந்துறைக்காரன் ஆர்டர வேற ஆளுக்குக் குடுத்துருவான். எம்பட பட்டறையப் பூட்டோணும். தெரியுமாடா நாயே?"

"நான் மாட்டலைங்க! வேண்டாம்னு சொல்லிப்போட்டுத்தானுங்க போனேன்!"

"மாட்டுனாம்ப்பா. நான் பாத்தேன்" என்றான் கிருபாசங்கர். கண்கள் தரையில் இருந்தன.

அதற்குப் பிறகுதான் வைஸ். காளிச்சாமி பிரவின்குமாரின் நான்கு விரல்களை அதன் தாடைகளுக்கு நடுவே வைத்தான். விரல்கள் குளிர்ந்து கிடந்தன. கைப்பிடியைச் சுற்றினான். இரும்பு தோலைத் தொட்டதும் நிறுத்தினான்.

"நாந்தான் கெடுத்தேன், புது மெசின் வாங்கித் தாரேன்னு சொல்லு. உட்டர்றேன்" என்றார் வெங்கடபதி.

"செய்யாதத எப்பிடீங்க சொல்லட்டும்?"

"சுத்து காளி."

காளிச்சாமி சுற்றினான். அரைச் சுற்று. பிறகு இன்னொரு கால் சுற்று. சுண்டுவிரல் பச்சைக் கரும்பை ஒடித்தாற்போலச் சத்தம் போட்டது. பிரவின்குமார் அலறவில்லை. வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. அப்புறம் அலறினான். கடைசல்காரர்களில் ஒருவன் மூலையில் போய் வாந்தி எடுத்தான்.

"அத வெளிய எடுத்துப் பாருங்க!" பிரவின்குமார் கத்தினான். "துண்டோட ஓரத்தப் பாருங்க! ராவாம அது உள்ள போகாதுங்க! எங்க கடைல அரமே கெடையாதுங்க!"

வெங்கடபதி முதலாளி ஆவதற்கு முன் பீளமேட்டில் பன்னிரண்டு வருடம் பிட்டராக இருந்தவர். லேப்டாப்பிலிருந்து துண்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரல் நகத்தால் வெட்டின் ஓரத்தைத் தடவினார். ஊசி அரம். நேரான இழுப்பு. கை கிழியாமல் இருக்க விளிம்பை லேசாக மழுக்கியும் விட்டிருந்தான் ராவியவன். பழகிய கை. இந்தப் பட்டறையில் அப்படி முடிப்பவன் ஒருவன்தான்.

அவர் காளிச்சாமியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். எட்டு ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துண்டைச் சட்டைப் பையில் போட்டார்.

"இன்னொரு சுத்துச் சுத்து காளி."

கைப்பிடி வியர்வையில் வழுக்கியது. தெரிந்துதான் சொல்கிறார் என்று காளிச்சாமிக்கு விளங்கியது. ஒரு சுற்று சுற்றினால் பதினெட்டு வருட வேலை நிற்கும். மூன்று விரல் போகும். தன்னுடைய விரல் அல்ல. அவன் கையை எடுத்தான்.

"நாந்தானுங்க ராவுனேன். சின்னவரு சொல்லித்தான் ராவுனேன்."

வெங்கடபதி அவனை விட்டு மகனிடம் திரும்பவில்லை. கைக்குக் கிடைத்த இரும்புத் தண்டால் காளிச்சாமியின் வாயில் அடித்தார். முன்பற்கள் இரண்டு தரையில் உருண்டன. விழுந்தவனை முழங்கையில் அடித்தார், அது மடங்கக்கூடாத பக்கம் மடங்கும்வரை. "ஆளுக முன்னால பேசுவியா? பேசுவியா?" என்று ஒவ்வோர் அடிக்கும் கேட்டார். கிருபாசங்கர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

பிரவின்குமார் இடக்கையால் வைஸைத் தானே தளர்த்தினான். சுண்டுவிரல் தனியாகத் தொங்கியது. சட்டையின் கீழ்முனையால் கையைச் சுற்றிக்கொண்டான்.

"படமெல்லாம் டிஸ்க்குல அப்படியே இருக்குதுங்க" என்றான். "மெமரி பொகஞ்சா படம் போகாது. காலைல ஒரு வார்த்தை கேட்டிருந்தா அரை மணி நேரத்துல எடுத்துக் குடுத்திருப்பேன்."

வெங்கடபதியின் கையில் தண்டு நின்றது.

"இப்ப எடுத்துக் குடு. வேணுங்கறதக் கேளு."

பிரவின்குமார் திறந்த ஷட்டர் வழியாக அவினாசி ரோட்டுக்கு நடந்தான்.

காளிச்சாமி எழுந்து, ஒடிந்த கையைத் தோள் துண்டில் தாங்கிக்கொண்டு பின்னால் போனான். என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாது. வாயில் ரத்தம் நிறைந்திருந்ததால் சொல்லவும் முடியாது.

"தம்பீ" என்றான். பாதிதான் வந்தது.

பிரவின்குமார் திரும்பினான். ரோட்டோரத்து ஜல்லிக் குவியலிலிருந்து ஒரு கல்லை இடக்கையால் எடுத்து எறிந்தான். பழக்கமில்லாத கை. இருந்தும் காளிச்சாமியின் நெற்றியில்தான் விழுந்தது. பிரவின்குமார் அடுத்த கல்லுக்குக் குனிந்தான்.

காளிச்சாமி நகரவில்லை.