மேலேயா, கீழேயா

கிளிப்பிள்ளையாம்... சொல்லிவிட்டு, கழுத்தில் டை கட்டிய அந்தப் பயிற்சியாளனே முதலில் சிரிக்கிறான், கூடவே வகுப்பும் சிரிக்கிறது, சிரிக்கட்டும், ஆளைக் கிண்டல் செய்வதற்குப் பெயர்தான் பயிற்சி என்றால் நல்ல பிழைப்புதான். அதே டையோடு ஒருநாள் லிஃப்ட் குழிக்குள் இறங்கிப் பார்க்கட்டும், அப்போது தெரியும் யார் சிரிப்பார்கள் என்று. "உங்க பலம் என்ன?" என்று கேட்டான், "என் பலம் என்னன்னு கேக்கறீங்க சார்" என்று ஆரம்பித்தான் இவன், உடனே கையைத் தூக்கி நிறுத்திவிட்டான் டைக்காரன். "கேட்டது நான்தாங்க, எனக்கே திருப்பி அனுப்பறீங்களே, கிளிப்பிள்ளை மாதிரி!" அதற்குப் பிறகு பலமும் வரவில்லை ஒன்றும் வரவில்லை, கண்ணாடி முன்னால் நின்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த பதில் முதல் வரியோடு நின்றுபோனது. போய் உட்காருங்கள், அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்றான். உட்காரும்போது நாற்காலி வேறு கிறீச்சிட்டது, அதற்கும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு, மருந்து விற்பனைக்காரனாகத்தான் இருக்கும், எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுகிறவன் அவன் ஒருவன்தான்.

லிஃப்ட் மெக்கானிக் வேறு எப்படிப் பேசுவான்? பெட்டியின் தலைமேல் ஒருவன் நிற்கிறான், மொட்டைமாடி மெஷின் அறையில் இன்னொருவன், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, வாக்கிடாக்கியில் வரும் குரல் மட்டும்தான். நிற்கிறவன் 'கீழே' என்றால் அறையில் இருப்பவனும் 'கீழே' என்று திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகே பொத்தானைத் தொட வேண்டும், 'சரி' கூடாது, 'ஓகே' கூடாது. வாய் அதற்கே பழகிவிட்டது. வீட்டில் மனைவி பால் வாங்கி வரச் சொன்னால்கூட 'பால்' என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறான், அவளுக்கு அது வேடிக்கை. இந்த மாலை வகுப்பும் அவளுக்கு வேடிக்கைதான். வாசலில் 'ஆண்களுக்கான தொழில் முன்னேற்றப் பயிற்சி' என்று பலகை மாட்டியிருப்பதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "பேசத் தெரியாததையெல்லாம் ஒரே ரூம்ல போட்டு அடைச்சிருக்காங்களா? அப்ப என் தம்பி எதுக்கு வரான்?"

அவள் தம்பி எதற்கு வருகிறான்... இதோ பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான், மச்சினன், சட்டையில் மடிப்புக்கூடக் கலையவில்லை, அவனும் பகலெல்லாம் கிரீஸில் புரண்டவன்தானே, எங்கே போய்க் கழுவினான்? கம்பெனியில் சூப்பர்வைசர் இடம் ஒன்றே ஒன்று காலி, நாளைக் காலையில் மேனேஜர் நேர்காணல் வைக்கிறார், நிற்பது இரண்டே பேர், அக்காள் புருஷனும் அக்காள் தம்பியும். அவனை வேலையில் சேர்த்துவிட்டது யார், இந்த அக்காள் புருஷன்தானே? அன்றைக்குப் பானை பிடிப்பதுபோல ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நின்றவன்தானே அவன். அவன் ஜெயித்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே கூடாது, யோசித்தால் உடனே தெரிகிறது, பகலில் அவனிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், ராத்திரி அவனே வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து "மாமா, அந்த ரிமோட்டைக் கொஞ்சம் எடுங்களேன்" என்பான், எடுத்துக் கொடுக்க வேண்டும். அவள் இரண்டு பேருக்கும் டீ போடுவாள், யாருக்கு முதலில் நீட்டுவாள்?

ஆனால் அது நடக்காது, நடக்கவிடப் போவதில்லை. போன மாதம் அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் நடந்ததை நாளைக்கு மேனேஜரிடம் சொன்னால் போதும், கதை முடிந்தது. பெட்டியின் தலைமேல் இவன் குந்தியிருந்தான், கடைசி மாடிக்குக் கொஞ்சம் கீழே, மெஷின் அறையில் மச்சினன். 'கீழே' என்றான் இவன். "ஓகே மாமா" என்று பதில் வந்தது, அது என்ன ஓகே என்று நினைத்து முடிப்பதற்குள் பெட்டி மேலே ஏறியது, இரும்பு உத்தரம் தலையைப் பார்த்து இறங்கி வந்தது, குப்புறப் படுத்து 'நிறுத்து' என்று அலறியபோது முதுகுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்குமா? அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்காகத்தான் சொல்லவில்லை... இல்லை, அதுவும் பொய், சொல்லாமல் வைத்திருந்தால் ஒருநாள் உதவும் என்று அப்போதே தோன்றியது, ஒரு கருவியைப்போல அதை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துக்கொண்டான், எப்பேர்ப்பட்ட ஆள் நான், இருக்கட்டும், நல்லவனாக இருந்து என்ன கிடைத்தது, கிளிப்பிள்ளை என்ற பெயர்தான் கிடைத்தது.

அடுத்த சுற்று வந்துவிட்டது. டைக்காரன் கைதட்டுகிறான், ஒருவர் மேலதிகாரி, ஒருவர் கீழே வேலை பார்ப்பவர், ஒரு உத்தரவு கொடுத்து வேலை வாங்க வேண்டுமாம், மதிப்பெண் இன்றைக்கே கம்பெனிக்குப் போய்விடுமாம், "நீங்க ரெண்டு பேரும் சொந்தக்காரங்கதானே, வாங்க, ஜாலியா இருக்கும்." ஜாலியாம். எழுந்து போய் எதிரெதிரே நிற்கிறார்கள், மேலதிகாரி இவன். மச்சினன் லேசாகக் கண்ணடிக்கிறான், அந்தக் கண்ணைப் பார்த்ததும் இவனுக்குள் ஏதோ கொதித்து மேலே வருகிறது, ஒத்திகை பார்த்த வாக்கியங்களெல்லாம் எங்கே போயின? வாய் தானாகத் திறக்கிறது.

"கீழே" என்கிறான்.

"ஓகே சார், முடிச்சிடறேன்" என்று மச்சினன் நெஞ்சை நிமிர்த்துகிறான், வகுப்பு சிரிக்கிறது, டைக்காரன்கூட ரசித்துத் தலையாட்டுகிறான். இவன் சிரிக்கவில்லை, ஓர் அடி முன்னால் போகிறான். "ஓகே இல்ல. சொன்னதைத் திருப்பிச் சொல்லு." "என்ன மாமா..." "இங்க மாமா இல்ல. திருப்பிச் சொல்லு." யாருடைய குரல் இது, இவ்வளவு கனமாக எங்கே கிடந்தது? சிரிப்பு அடங்கிவிட்டது, மச்சினன் முகத்தில் ரத்தமே இல்லை, உதடு அசைகிறது. "கீழே" என்கிறான், பிறகு இன்னும் மெதுவாக, "கீழே, சார்." அடடா, எவ்வளவு இனிப்பாக இருக்கிறது, இதற்காகவா ஜனங்கள் பதவிக்கு அடித்துக்கொள்கிறார்கள்? டைக்காரன் துள்ளிக் குதிக்காத குறை. "பாத்தீங்களா, இதுதான் கமாண்ட்! நான் தூண்டிவிட்டதும் உள்ள இருந்த ஆள் வெளிய வந்துட்டார் பாருங்க!" தான் கற்றுக்கொடுத்தது என்றே நினைத்துக்கொள்கிறான் மடையன், நினைக்கட்டும், முழு மதிப்பெண் போடுகிறான், மருந்து விற்பனைக்காரன்கூடக் கைதட்டுகிறான்.

சந்தோஷத்தோடு நாற்காலியில் வந்து விழுகிறான். மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறான், உதடு அசைவதுகூடத் தெரியவில்லை. "அன்னிக்கு நடந்ததுக்குத்தானே இது? நாளைக்கு அங்கயும் சொல்லப் போறீங்களா?" இவன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறான். "சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்லல, அது என் தப்பு, இல்லன்னு சொல்லல. ஆனா சொல்றதுன்னா முழுசாச் சொல்லுங்க மாமா. நீங்க அன்னிக்கு 'மேலே'ன்னுதான் சொன்னீங்க. நீங்க பயந்துபோய் இருந்தீங்க, அக்காகிட்ட சொல்லி உங்களை எதுக்குச் சின்னதாக்கணும்னு விட்டுட்டேன்."

புளுகு, பச்சைப் புளுகு, மாட்டிக்கொண்டவன் வேறு என்ன சொல்வான்... கீழே என்றுதான் சொன்னான், ஏனென்றால் கீழேதான் போக வேண்டியிருந்தது, போக வேண்டியிருந்தது கீழே என்றால் சொன்னதும் கீழே என்றுதானே இருக்கும்? இருக்குமா? அந்த இருட்டு, எண்ணெய் வாசனை, வாக்கிடாக்கியின் கரகரப்பு, எல்லாம் அப்படியே இருக்கின்றன, 'ஓகே மாமா' தெளிவாகக் கேட்கிறது, அதற்கு முன்னால் தன் குரல்... தன் குரலை மட்டும் கேட்க முடியவில்லை, வாய் திறப்பது தெரிகிறது, அதிலிருந்து வருவது சற்று முன் இந்த அறையில் சொன்ன 'கீழே', கனமான, கைதட்டு வாங்கிய 'கீழே'. திருப்பிச் சொல்வது கேட்கிறவனைச் சோதிக்கத்தான் என்று இத்தனை நாள் நினைத்தானே, சொல்கிறவன் காதில் அவன் சொன்னது விழ வேண்டும் என்பதற்காகவும் இருக்குமோ? டைக்காரன் நாளைய நேர்காணலுக்கு வாழ்த்துச் சொல்கிறான், எல்லோரும் எழுந்திருக்கிறார்கள். நாளைக்கு மேனேஜரிடம் சொல்லத்தான் போகிறான், அதில் மாற்றமில்லை, இந்தச் சந்தேகம் உள்ளே இருக்கும்போதே மறுபடி அந்தக் கருவியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறான் என்பதும் தெரிகிறது... அந்த இடம் வரும்போது தன் வாயில் எந்தச் சொல்லை வைப்பது, 'மேலே'யா 'கீழே'யா என்பதுதான் தெரியவில்லை.