யாரும் பார்க்கவில்லை

மெழுகில் பல் வரிசை அடுக்கும்போது அவன் கை நடுங்கியதே இல்லை. ஒரு கடைவாய்ப் பல்லை மயிரிழை அளவு திருப்பி வைக்க வேண்டுமென்றால் அந்தப் பல்செட் லேப்பில் எல்லோரும் அவனிடம்தான் வருவார்கள். முகம் தெரியாத வாய்களுக்காகப் பின்னறையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பல்செட் செய்வான். ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்க, ஒரு டீக் கோப்பையைத் தூக்கினால் போதும், கை உதறத் தொடங்கிவிடும்.

அதனால் அவன் யார் முன்னாலும் சாப்பிடுவதில்லை. வருஷக்கணக்காக இப்படித்தான். மற்றவர்கள் மதியம் மேசையைச் சுற்றி உட்காரும்போது, அச்சுக்குக் கரைத்த பிளாஸ்டர் இறுகிவிடும் என்று சாக்குச் சொல்லிவிட்டுப் பின்னறையிலேயே இருந்துகொள்வான். அவர்கள் கை கழுவிப் போனபின் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டு முடிப்பான். லேப்பில் அவனுக்கு மௌனசாமி என்று பெயர்.

"ஊருக்கே பல்லு செஞ்சு குடுக்குறாரு, தன் பல்லுக்கு மட்டும் வேலையே வைக்க மாட்டாரு" என்பார் பாலிஷ் போடுபவர். அவனும் சிரித்து வைப்பான்.

மனநல ஆலோசகரிடம் அவன் போகத் தொடங்கியதுகூடத் தயங்கித் தயங்கித்தான். அவனைவிட வயதில் சிறிய பெண். சிபிடி என்று அந்தச் சிகிச்சைக்குச் சுருக்கமாகப் பெயர் சொன்னாள். மனசு ஒன்றைச் சொன்னால் அதை அப்படியே நம்பிவிடாமல், நிஜத்தில் செய்து பார்த்துச் சோதிப்பதுதான் அதில் முக்கியம் என்றாள். அவன் தலையாட்டிவிட்டு வந்தான். வாரங்கள் போயின. எதையும் செய்து பார்க்கவில்லை.

அப்போதுதான் தங்கை போன் செய்தாள். அவளும் கணவரும் வேலை மாற்றலாகித் தொலைவிலுள்ள ஊருக்குக் குடிபோகிறார்களாம்.

"போறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழம வந்து சாப்பிடுண்ணா. இத்தன வருஷமா கூப்பிட்டேன், நீ வரல. இப்பவும் வரலன்னா விடு. இனிமே கூப்பிட மாட்டேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனை உலுக்கியது.

மறுநாளே வேலையில் இறங்கினான். ஒரு கோப்பையை எடுத்து அதன் பிடியைச் சுற்றி, ஈறு செய்யும் ரோஸ் நிற அக்ரிலிக்கைக் குழைத்து ஏற்றி, தன் விரல்களுக்கு அச்செடுத்தாற்போல் பள்ளம் வைத்தான். இரண்டு விரல் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டால் கோப்பை அசையவே அசையாது. டீக்கடைக்கு அதைக் கொண்டுபோய்க் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து சிந்தாமல் குடித்துவிட்டு, ஆலோசகரிடம் பெருமையாகக் காட்டினான்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஈறு முளைச்ச கப்ப இப்பத்தான் சார் பாக்குறேன். ரொம்ப அழகா இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கவா? அங்க ஜெயிச்சது யாரு, நீங்களா, கப்பா?"

அவன் கோப்பையைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தான்.

"சிந்திட்டா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?"

"எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க மேடம்."

"சரி, வாங்க, போய்ப் பாத்துருவோம்."

தெருமுனைக் கடைக்கு இருவரும் போனார்கள். ஒரே இரைச்சல். முதலில் அவள், வேண்டுமென்றே, மேசையில் பாதி டீயைக் கொட்டினாள். அவனுக்குத்தான் பகீரென்றது. அடுத்தது அவன் முறை. விளிம்பு வரை நிறைந்த சாதாரணக் கோப்பையைத் தூக்கினான். கை உதறியது. டீ சட்டையில் வழிந்து தொடையில் சுட்டது. குனிந்த தலையை நிமிர்த்தி, அவள் சொல்லியிருந்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒருவர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். ஒரு அம்மாள் பையில் சாவியைத் தேடினாள். கடைக்காரர் வந்து, மேசையை மட்டும் பார்த்துத் துடைத்துவிட்டுப் போனார்.

"யாரும் பாக்கல" என்றான்.

"ஆமா சார்."

நனைந்த சட்டையை உதறினான். பிறகு கேட்டான்.

"அப்ப இத்தன வருஷமா யாருமே பாக்கலையா?"

"நிம்மதியா இல்லையா?" என்றாள் மெதுவாக.

"இருக்கு. ஆனா யாருக்குப் பயந்து ஒளிஞ்சிருந்தேன்னுதான் தெரியல."

அவள் தன் கோப்பையில் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தாள். "தங்கச்சி வீட்டுல என்ன நடக்கும்?"

"அவ பாத்துடுவா. கட்டாயம் பாப்பா. பாவம்னு நினைப்பா. அந்த முகத்த என்னால தாங்க முடியாது."

"போய்ட்டு வந்து சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் அட்டைப்பெட்டிகள். சுவரில் படங்கள் இருந்த இடங்கள் மட்டும் வெளிறித் தெரிந்தன.

"வாங்க மச்சான்! வீடு காலி பண்ற நேரத்துலதான் வழி தெரிஞ்சுதா?" என்றார் தங்கையின் கணவர்.

"சும்மா இருங்க, வந்ததே பெருசு" என்று அவரை அதட்டிவிட்டு, தங்கை சூப் கிண்ணத்தை அவன் முன்னால் வைத்தாள். எதிரே உட்கார்ந்து, சாமான் ஏற்ற வரும் லாரிக்காரன் பண்ணும் அடாவடியைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள்.

அவன் கரண்டியை எடுத்தான். பாதி வழியிலேயே கை உதறி, சூப் விரிப்பில் கொட்டியது. கரண்டி கிண்ணத்தில் மோதி ணங்கென்றது.

டீக்கடை மாதிரி இல்லை. இருவரும் பார்த்தார்கள். தங்கையின் பேச்சு நின்றுபோயிற்று.

அவள் முகத்தில் இரக்கம் ஏறும் என்று அவன் காத்திருந்தான். வரவில்லை. அவள் அவன் கையையே வெறித்துப் பார்த்தாள்.

"இதுக்காகவா?"

"எதுக்கு?"

"இதுக்காகவாண்ணா நீ வராம இருந்த?" அவள் குரல் பிசிறியது. "நீ வேணாம்னு சொன்ன ஆளக் கட்டிக்கிட்டேன்ல. அதான் எங்க வீட்டுப் பச்சத் தண்ணிகூட உனக்கு ஆகலன்னு நெனச்சேன். இத்தன வருஷமும் அப்படித்தான் நெனச்சேன்."

"நானும்தான் மச்சான். உங்களத் திட்டாத நாளே கெடையாது" என்றார் அவர். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

தங்கை எழுந்து அடுப்படிக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் எதுவும் உருளவில்லை. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஆண்கள் இருவரும் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். என்னென்ன நடக்கும் என்று மனசுக்குள் ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தவன் அவன். இது மட்டும் அதில் இல்லை. தான் சுவரைப் பார்த்துச் சாப்பிட்ட மதியங்களில் எல்லாம், இங்கே ஒருத்தி அவனுக்கென்று சாப்பாடு எடுத்துவைத்துக் காத்திருந்திருக்கிறாள்.

முகம் கழுவித் திரும்பியவள் கிண்ணத்தை மறுபடி வழிய வழிய நிரப்பினாள்.

"சிந்துனா சிந்தட்டும். துணிய எப்படியும் தொவைக்கத்தான் போறேன்."

"லாரி என்னிக்கு?" என்று கேட்டான்.

"நாளைக்குக் காலைல."

அவன் தலையாட்டினான். கரண்டியை எடுத்தான். கை நடுங்கியது. பெட்டிகளுக்கு நடுவே இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் மெல்லக் குடிக்கத் தொடங்கினான்.